தூரிகை பிடித்த நேரமும் பிடிக்காத நேரமும்

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்களுக்கு முன்னால் நிற்பவர்கள், சேலை ஜரிகையில் விழுந்த வெளிச்சத்தையும் தோலின் நிறத்தையும் வியந்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். 1935இல் தொடங்கிய ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடத்திலும் சரி, 2023இல் அவர் பெயரிலேயே அதே வளாகத்தில் திறந்த புதுக் கூடத்திலும் சரி, ஒரு படம் எத்தனை நாளை விழுங்கியது என்று சுவர் சொல்லாது. அதைக் கொஞ்சமாவது சொல்லக்கூடியது அவருடைய தம்பி சி. ராஜராஜவர்மாவின் நாட்குறிப்பு. 1895 முதல் 1904 வரை அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்த அந்தக் குறிப்புகளை எர்வின் நாய்மயரும் கிறிஸ்டீன் ஷெல்பெர்கரும் பதிப்பிக்க, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2005இல் வெளியிட்டது. ராஜராஜவர்மா தாமே ஓவியர், நிலக்காட்சியில் கைதேர்ந்தவர். அண்ணனின் கடிதப் போக்குவரத்து, பயண ஏற்பாடு, ஆர்டர் பேச்சு என்று தொழிலின் மறுபாதியைச் சுமந்தவரும் அவர்தான். அதனால் அந்த நாட்குறிப்பில் படம் வரைந்த நாளும், வண்டியிலும் கப்பலிலும் போன நாளும், அச்சகத் தொல்லையில் கழிந்த நாளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மணிக்கணக்கு எழுதிய நோட்டு இல்லை அது. ஆனாலும் இந்தியாவின் மிகப் பெயர்பெற்ற ஓவியரின் நாள் எதில் எதில் போனது என்று அதைப் படித்தால் தெரிகிறது. ஓவியத்தைத் தொழிலாக வைத்திருப்பவர்கள் அதைக் கலை வரலாறாக மட்டும் படித்தால் பாதிப் பயனை விட்டுவிடுகிறார்கள்.

நேரக் கணக்கு என்றதும் ஓவியர்களில் பெரும்பாலோர் முகம் சுளிப்பதற்குக் காரணம், அது விலை போடுவதற்கான கருவி என்ற நினைப்பு. மணிக்கு இத்தனை ரூபாய், இத்தனை மணி, ஆகவே இத்தனை ரூபாய் என்று பெருக்கிச் சொல்ல வேண்டுமாம். இந்த அத்தியாயம் சொல்வது வேறு. படத்தின் விலை பெயரால், தேவையால், வாங்குபவரின் வசதியால், ஊரால் அமைகிறது; அதில் நேரத்துக்குப் பங்கு குறைவு. நேரக் கணக்கு உதவுவது இரண்டு முடிவுகளுக்கு. எந்த ஆர்டரை ஒப்புக்கொள்வது என்பது ஒன்று. எந்தத் தேதிக்குத் தருவதாக வாக்குக் கொடுப்பது என்பது மற்றொன்று. இந்த இரண்டிலும் தவறியவர்கள்தான் நன்றாக வரையத் தெரிந்தும் கடனாளியாகிறார்கள். விலையில் ஏமாந்தவர் அடுத்த படத்தில் திருத்திக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு மூன்று பெரிய ஆர்டரை ஏற்று, மூன்றுக்கும் முன்பணம் வாங்கிச் செலவழித்துவிட்டு, ஒன்றையும் முடிக்காமல் நிற்பவருக்குத் திருத்திக்கொள்ள இடமே இருக்காது.

ரவிவர்மாவுக்கு வந்த பரோடா ஆர்டரை எடுத்துக்கொள்வோம். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் தம் அரண்மனைக்காக 14 புராணப் படங்களை 1888 வாக்கில் கேட்டார். 1890இல் அவை முடிந்தன. அதற்குக் கிடைத்த தொகை 50,000 ரூபாய் என்பது பரவலாகப் பதிவான செய்தி. பதினாலால் வகுத்தால் படத்துக்குச் சராசரி 3,571 ரூபாய். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பணம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த 3,571 ரூபாய்க்குள் என்னென்ன அடங்கியிருந்தது என்று பாருங்கள். புராணப் பாத்திரங்களுக்கு எந்த உடை, எந்த நகை என்று தீர்மானிக்கச் சகோதரர்கள் வட இந்தியாவைச் சுற்றி வந்தார்கள். திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்ததே 1918இல்தான். 1880களில் இங்கிருந்து வடக்கே போவதென்றால் காயலில் வள்ளமும் சாலையில் மாட்டு வண்டியும் முதலில் வேண்டும். திரும்பி வந்து வரைந்தது கிளிமானூரில். வரைந்து முடித்த பிறகு படங்களைத் திருவனந்தபுரத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, பிறகு பம்பாயிலும் வைத்து, அதற்குப் பின்தான் பரோடாவில் ஒப்படைத்தார்கள். பயணம், தேடல், மாதிரிப் படம், கட்டி அனுப்புவது, காட்சிக்கு வைப்பது எல்லாம் அந்த ஆர்டரின் நேரம்தான். தூரிகை பிடித்த நாளை மட்டும் எண்ணியிருந்தால், இந்த ஆர்டரை அடிப்படையாக வைத்து அடுத்த ஆர்டருக்குச் சொல்லும் தேதி முழுக்கப் பொய்யாகியிருக்கும்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். அதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. ஜேம்ஸ் விஸ்லர் என்ற அமெரிக்க ஓவியர் லண்டனில் 200 கினி விலை வைத்துக் காட்சிக்கு வைத்த, இரவு வானில் வாணம் சிதறும் படத்தை ஜான் ரஸ்கின் 1877இல் கடுமையாக ஏசி எழுதினார். விஸ்லர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1878 நவம்பரில் நடந்த விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் படத்துக்கு எத்தனை நேரம் ஆயிற்று என்று கேட்டார். இரண்டு நாள் என்று பதில் வந்தது. இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி என்று மடக்கியபோது, ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்குத்தான் அந்த விலை என்ற பொருள்பட விஸ்லர் பதில் சொன்னார். ஓவியர்கள் நேரக் கணக்கை மறுக்கும்போதெல்லாம் இந்தப் பதிலைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். விலையைப் பற்றிய பதிலாக அது முற்றிலும் சரி. ஆனால் கதையின் மீதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழக்கில் அவர் வென்றார். நஷ்ட ஈடாகக் கிடைத்தது ஒரே ஒரு ஃபார்திங், அந்நாள் இங்கிலாந்தின் மிகச் சின்னக் காசு. வழக்குச் செலவும் ஏற்கெனவே இருந்த கடனும் சேர்ந்து 1879இல் அவர் திவாலானார். அவர் திவாலானது நேரக் கணக்கு எழுதாததால் என்று சொல்ல வரவில்லை. வாழ்நாள் அறிவுக்கு விலை கேட்கும் உரிமை இருப்பது வேறு, இந்த வருஷம் கையில் எத்தனை வேலை நாள் இருக்கிறது, அதில் எத்தனை வழக்குக்குப் போகிறது என்று தெரிந்திருப்பது வேறு. முதலாவது கலைஞரின் மரியாதை. இரண்டாவது கலைஞரின் அரிசி.

விஸ்லர் வழக்கிலிருந்து நடைமுறைப் பாடம் ஒன்றும் கிடைக்கிறது. உங்கள் மணிக்கணக்கைப் படம் வாங்குபவரிடம் காட்டாதீர்கள். அந்த வழக்கறிஞர் கேட்டது தெரிந்துகொள்ள இல்லை, அடிக்கத்தான். வேகமாக முடித்தீர்கள் என்றால் இதற்கா இவ்வளவு என்பார்கள். மெதுவாக முடித்தீர்கள் என்றால் பழக்கம் போதவில்லையோ என்பார்கள். நோட்டு உங்களுக்கும், உங்களோடு தொழிலில் இருக்கும் ஒருவருக்கும் மட்டும். வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியது விலையும் தேதியும், ஸ்கெட்ச்சை எத்தனை தடவை மாற்றிக் கொடுப்பீர்கள் என்பதும்.

அந்த நோட்டில் எதை எழுதுவது? தேதி, எந்தப் படம், எந்தக் கட்டம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு. இதில் எல்லாரும் தடுமாறுவது கட்டத்தில்தான். வெறுமனே ‘வரைந்தேன், 4 மணி நேரம்’ என்று முப்பது நாள் எழுதினால் மாத முடிவில் ஒரு மொத்தத் தொகைதான் மிஞ்சும். அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இராது. வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். கேரளச் சுவரோவியக்காரர்களுக்கு இந்தப் பிரிப்பை மரபே செய்து வைத்திருக்கிறது. ஸ்ரீகுமாரரின் சில்பரத்னத்தை ஆதாரமாகக் கொண்டு அவர்கள் படிக்கும் ஆறு கட்டங்கள் இவை: மங்கலான முதற்கோடு போடும் லேக்கிய கர்மம், அதை உறுதிப்படுத்தும் ரேகா கர்மம், நிறம் நிரப்பும் வர்ண கர்மம், நிழலும் திரட்சியும் கொடுக்கும் வர்த்தன கர்மம், கறுப்புக் கோட்டால் உருவத்தை எடுத்து நிறுத்தும் லேக கர்மம், கடைசிச் செப்பம் செய்யும் த்விக கர்மம். சாத்திரம் செய்முறைக்காக வகுத்த இந்த ஆறையும் அப்படியே நோட்டின் ஆறு பத்திகளாக்கிக்கொள்ளலாம். எண்ணெய் ஓவியத்திலும் உருவப்படத்திலும் வேலை செய்பவர்கள் தங்கள் பழக்கத்துக்கேற்ற கட்டங்களை அமைத்துக்கொள்ள வேண்டும். ஐந்துக்குக் குறைந்தால் பயனில்லை, எட்டுக்கு மேல் போனால் எழுதக் கை வராது.

இந்த ஆறோடு முன்னும் பின்னும் இரண்டிரண்டு பத்திகள் சேர வேண்டும். முன்னால், வாடிக்கையாளரோடு பேசியதும் ஸ்கெட்ச் மாற்றியதும். பொருள் வாங்கி கேன்வாஸை இழுத்துக் கட்டிப் பூச்சுப் பூசியதும். பின்னால், ஃபிரேம் போட்டு, படம் எடுத்து, கட்டி, கொண்டுபோய்க் கொடுத்தது. கடிதம், ஃபோன், வாட்ஸ்அப், பில், பணம் கேட்டு அலைந்தது. கிளிமானூரில் ரவிவர்மாவுக்கு வந்து குவிந்த கடிதங்களுக்காகவே அங்கே தபால் நிலையம் திறக்கப்பட்டது என்று சொல்வதுண்டு. படம் கேட்டு ஊர் ஊராக எழுதிய அந்தக் கடிதங்களுக்கெல்லாம் யாரோ உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கைபேசியில் இரவு பத்து மணிக்கு, “பிள்ளையார் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வைக்க முடியுமா சார்?” என்று வரும் செய்தியும் அதே தபால்தான். அதற்குப் பதில் சொல்லும் கால் மணி நேரம் அந்தப் பிள்ளையாரின் கணக்கில் ஏற வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது யாருடைய உண்மைக் கணக்கும் இல்லை, முறையைக் காட்டுவதற்காக நாமே அமைத்தது. கேன்வாஸில் அக்ரிலிக் கொண்டு சுவரோவிய பாணியில் 2 அடிக்கு 3 அடி படம், விலை 20,000 ரூபாய், விற்றுக் கொடுத்த கடைக்கு 30 சதவீதம் கமிஷன் 6,000. கேன்வாஸ், நிறம், ஃபிரேம் எல்லாம் 3,500. மிச்சம் 10,500. எத்தனை நேரம் ஆயிற்று என்று கேட்டால் ஓவியர் யோசித்துவிட்டு 60 மணி நேரம் என்பார். அப்படியானால் மணிக்கு 175 ரூபாய், மோசமில்லை. இப்போது நோட்டைத் திறப்போம். பேச்சும் ஸ்கெட்ச்சும் 9, பொருள் வாங்கச் சாலை பஜாருக்கும் மற்ற இடங்களுக்கும் போய் வந்தது 5, கேன்வாஸ் தயாரிப்பு 4, இருவகைக் கோடும் சேர்த்து 14, நிறம் 26, வர்த்தனம் 30, கறுப்புக் கோடு 12, செப்பம் 6, ஃபிரேமிலிருந்து ஒப்படைப்பு வரை 8. கூட்டினால் 114 மணி நேரம். 10,500ஐ 114ஆல் வகுத்தால் மணிக்கு 92 ரூபாய். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2022–23இல் கேரளக் கிராமப்புறத்தில் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி சுமார் 852 ரூபாய், இந்திய மாநிலங்களிலேயே உயர்ந்த வரிசையில் இருப்பது. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 106. சுவர் எழுப்பியவருக்கு 106, அந்தச் சுவரில் மாட்டும் படத்தை வரைந்தவருக்கு 92. கொத்தனாருக்குக் கிடைப்பது அதிகம் என்பது இதன் பொருள் இல்லை. அவருடைய வேலைக்கு அது நியாயமான கூலி. அவருக்குத் தம் கூலி தெரியும், நமக்குத் தெரியவில்லை என்பதுதான் இங்கே கவலைப்பட வேண்டியது.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் விலையை ஏற்று என்றுதான் முதலில் தோன்றும். சந்தை இடம் கொடுத்தால் ஏற்றலாம். ஆனால் நோட்டு அதைவிட நுட்பமான ஒன்றைக் காட்டுகிறது. 114இல் 30 மணி வர்த்தனத்தில் போயிருக்கிறது, நான்கில் ஒரு பங்குக்கும் மேல். சுவரோவிய பாணிப் படங்களுக்குச் சதுர அடிக்கு இத்தனை என்று விலை சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கேட்பவருக்கும் அது எளிதாகப் புரிகிறது. ஆனால் நேரம் சதுர அடியைப் பின்தொடர்ந்து போவதில்லை. அது முகங்களின் எண்ணிக்கையையும் ஆபரணங்களின் நெருக்கத்தையும் பின்தொடர்கிறது. கிரீடமும் தோள்வளையும் மாலைகளும் நிறைந்த ஒரு அனந்தசயனத்தை 4 சதுர அடியில் வரைவதும், ஒற்றைக் கிருஷ்ணனும் ஒரு மரமும் உள்ள படத்தை 8 சதுர அடியில் வரைவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தை விழுங்கக்கூடும். சதுர அடி விலையில் முதலாவதில் நஷ்டமும் இரண்டாவதில் லாபமும் வரும். வருஷ முடிவில் எது எதைச் சாப்பிட்டது என்று தெரியாமல் போகும். ஐந்தாறு படங்களின் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உருவ எண்ணிக்கைக்கு ஒரு விலையும் பரப்புக்கு ஒரு விலையும் பிரித்துச் சொல்லும் துணிவு தானாக வரும். முன்னே வாய் கூசாமல் விலை சொல்ல முடியாதவர்கள்கூட நோட்டைப் பார்த்த பிறகு சொல்கிறார்கள் என்றால் அது பேராசையால் இல்லை. தமக்கே தெரியாத ஒன்றுக்கு விலை கேட்பதில் முன்பு இருந்த கூச்சம் போய்விட்டது.

அடுத்து, காத்திருக்கும் நேரத்தை வேலை நேரத்தோடு குழப்பக் கூடாது. திருவனந்தபுரத்தில் இது முக்கியம். இடவப்பாதி மழை ஜூனில் பிடித்துக்கொண்டால் காற்றில் ஈரம் தங்கிவிடும். துலாவர்ஷம் அக்டோபர், நவம்பரில் திரும்பவும் நனைக்கும். எண்ணெய் நிறம் நீர் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றில் உள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இறுகுகிறது. குளிர்ச்சியும் ஈரமும் அதைத் தாமதப்படுத்தும். அக்ரிலிக் நீர் போனால்தான் காயும், ஈரக்காற்றில் அதுவும் சோம்பும். மார்ச்சில் மூன்று நாளில் அடுத்த பூச்சுக்குத் தயாரான படம் ஜூலையில் ஆறு நாள் கேட்டால் ஆச்சரியமில்லை. அந்த ஆறு நாளில் நீங்கள் இந்தப் படத்துக்கு உழைக்கவில்லை; ஆனால் தேதி ஓடிவிட்டது. ஆகவே நோட்டில் இரண்டு கணக்கு வேண்டும்: உழைத்த மணி, ஓடிய நாள். முதலாவது எந்த ஆர்டர் உங்களுக்குச் சோறு போடுகிறது என்று சொல்லும். இரண்டாவது வாக்குக் கொடுக்க வேண்டிய தேதியைச் சொல்லும். வாடிக்கையாளர் ஸ்கெட்ச்சைப் பார்த்து ஒப்புதல் சொல்ல எடுத்துக்கொண்ட நாட்களும் இரண்டாவதில் சேரும். இன்று வீட்டுக்கு உருவப்படம் கேட்பவர் ஒரு நல்ல புகைப்படம் அனுப்ப மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, கிரகப்பிரவேசத் தேதியை மட்டும் மாற்ற மாட்டார். ராஜாக்கள் படத்துக்கு உட்காரும் நேரத்தை எப்படி ஓவியர் தீர்மானிக்க முடியாதோ, அப்படித்தான் இதுவும். ஓடிய நாளின் கணக்கு கையில் இருந்தால், “புகைப்படம் வந்த நாளிலிருந்து 45 நாள்” என்று சொல்லத் தோன்றும். ஆர்டர் பேசிய நாளிலிருந்து எண்ணத் தோன்றாது.

கடிகாரம் தலைமேல் தொங்கினால் மனம் ஒன்றாது என்ற ஆட்சேபத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அது உண்மை. ஒரு கண்ணின் ஓரத்தில் நிழல் வைத்துக்கொண்டிருக்கும்போது மணி எத்தனை என்று திரும்பிப் பார்ப்பவர் அந்த நிழலை இழப்பார். ஆனால் எழுதுவது வேலைக்கு நடுவில் நடக்க வேண்டியதில்லை. உட்காரும்போது ஒரு எண், எழும்போது ஒரு எண், அவ்வளவுதான். கால் மணி நேரத்தைவிட நுட்பமான கணக்கு தேவையே இல்லை. செயலிகள் இருக்கின்றன, விரும்பினால் பயன்படுத்தலாம். நிறம் படிந்த கைக்கு ஈசல் பக்கத்தில் தொங்கும் நோட்டும் பென்சிலும் வசதி. ஒரு வாரத்தை ஞாயிற்றுக்கிழமை நினைவிலிருந்து எழுதுவதைத்தான் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். நினைவு, பிடித்த வேலையின் நேரத்தைக் குறைத்தும் பிடிக்காத வேலையின் நேரத்தைக் கூட்டியும் சொல்லும். மேலே கண்ட 60 மணி அப்படி வந்ததுதான்; தூரிகை நேரம் மட்டுமே 88 ஆகியிருந்தது. இன்னொரு வழியும் உண்டு. ரவிவர்மா தம் நாட்களைத் தாமே எழுதவில்லை, தம்பி எழுதினார். வீட்டில் ஒருவர், ஸ்டூடியோவில் உதவிக்கு இருக்கும் மாணவர், கணக்குப் பார்க்கும் நண்பர் யாராவது எழுதினாலும் கணக்கு கணக்குதான். வீட்டு வேலைக்கு நடுவே வரையும் பெண்களுக்கு இந்த நோட்டு கூடுதலாக ஒன்றைக் காட்டும்: நாளுக்கு நான்கு மணி நேரம் கிடைத்தாலும் அது இருபது நிமிஷத் துண்டுகளாகக் கிடைத்தால் வர்த்தனம் போன்ற வேலை நடக்காது, நிறம் நிரப்புவது நடக்கும். எந்தக் கட்டத்தை எந்தப் பொழுதுக்கு ஒதுக்குவது என்று முடிவெடுக்க அந்தத் துண்டுகளின் அளவு தெரிய வேண்டும்.

யோசித்துக்கொண்டிருந்த நேரத்தை எண்ணுவதா என்ற கேள்வியும் வரும். குளிக்கும்போது வந்த யோசனைக்குக் கணக்கு வேண்டாம். அதற்காகவே உட்கார்ந்து பழைய படங்களைப் புரட்டிய நேரம், கோயில் சுவரைப் பார்க்கப் போய் வந்த நேரம், ஸ்கெட்ச் புத்தகத்தில் மூன்று அமைப்புப் போட்டுப் பார்த்த நேரம் எல்லாம் சேரும். புதிதாக ஒரு முறையைக் கற்றுக்கொள்ளச் செலவழித்ததை ஆர்டரின் கணக்கில் ஏற்றாமல் ‘பயிற்சி’ என்று தனிப் பத்தியில் வையுங்கள். வருஷத்தில் அந்தப் பத்தி வெறுமையாகக் கிடந்தால் அதுவும் ஒரு செய்திதான்: ஆர்டர்கள் உங்களைக் கற்றுக்கொள்ள விடவில்லை.

நேரம் போதவில்லை என்று கண்டவர்கள் பிரிண்ட் போட்டு விற்கலாமே என்று நினைப்பது இயல்பு. இதற்கும் முன்னோடி இங்கேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்டாச்யூ சந்திப்பில் சிலையாக நிற்கும் திவான் டி. மாதவராவ், 1880களிலேயே ரவிவர்மாவுக்கு இந்த யோசனையை எழுதினார்: கேட்பவர் அத்தனை பேருக்கும் ஒரு ஜோடிக் கையால் வரைந்து கொடுக்க முடியாது, படங்களை ஐரோப்பாவில் அச்சிட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். ஓவியரின் நேரம் எல்லைக்குட்பட்டது என்பதை ஓவியருக்கு முன்பே நிர்வாகி உணர்ந்திருந்தார். சகோதரர்கள் 1894இல் பம்பாயில் தாமே அச்சகம் தொடங்கினார்கள். படங்கள் வீடுதோறும் போயின, இந்தியாவின் பூஜை அறைகளே மாறின. ஆனால் தொழிலாகப் பார்த்தால் அச்சகம் அவர்களுக்குச் சுமையாயிற்று. பிளேக் வந்தது, இடம் மாற்றினார்கள், கடன் ஏறியது. புதிய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லெய்ஷரின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. ஒரு படத்தின் நேரத்தை ஆயிரம் பிரதிக்குப் பங்கிட அச்சு உதவியது. கூடவே, முன்பு இல்லாத இன்னொரு தொழிலின் நேரத்தை, அதாவது கல்லும் மையும் ஆளும் கடனும் கேட்கும் நேரத்தை, இரண்டு ஓவியர்கள் தலையில் ஏற்றியது. இன்று பிரிண்ட் போடுவது எவ்வளவோ எளிது. ஆனாலும் நிறம் சரிபார்ப்பது, காகிதம் தேர்வது, சுருட்டிக் குழாயில் போட்டு கூரியருக்குக் கொண்டுபோவது, கசங்கிப் போனதற்கு மாற்று அனுப்புவது எல்லாம் நேரம்தான். அதற்குத் தனி நோட்டு வையுங்கள். ஆறு மாதம் எழுதிவிட்டுப் பிரிண்ட்டுக்குப் போன மணியையும் அது தந்த பணத்தையும் அசலோடு ஒப்பிடுங்கள். சிலருக்கு அது ஓவிய நேரத்தை மீட்டுக் கொடுக்கும். சிலருக்கு அது இன்னொரு அச்சகமாகும். அவர்கள் அதைத் தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஈசலுக்குத் திரும்புவது நல்லது.

மூன்று நான்கு ஆர்டர்களின் நோட்டு சேர்ந்ததும் ஒரு எளிய வகுத்தல் செய்யுங்கள். ஆரம்பத்தில் எத்தனை மணி ஆகும் என்று நினைத்தீர்களோ, அந்த எண்ணால் உண்மையில் ஆன மணியை வகுங்கள். மேலே கண்ட எடுத்துக்காட்டில் 114ஐ 60ஆல் வகுத்தால் 1.9. உங்களுடையது 1.4 ஆகலாம், 2.2 ஆகலாம். நான்கு படங்களில் ஏறத்தாழ ஒரே எண் வந்தால் அதை நம்பலாம். அடுத்த முறை உங்களுக்கு 50 மணி என்று தோன்றினால் 1.9ஆல் பெருக்கி 95 என்று எழுதி, வாரத்துக்கு நிஜமாகக் கிடைக்கும் மணியால் வகுத்து, காய்வதற்கும் ஒப்புதலுக்கும் ஓடும் நாளைக் கூட்டித் தேதி சொல்லுங்கள். வாரத்துக்கு 40 மணி கிடைக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். நோட்டைப் பார்த்தால் பலருக்கும் அது 25ஐத் தாண்டாது. அப்படியானால் 95 மணி என்பது நான்கு வாரம், மழைக்காலமென்றால் ஆறு.

தள்ளிப்போக முடியாத தேதிக்கு வேலை செய்வது எப்படி என்பதை இந்த ஊரில் ஓணவில் செய்பவர்களிடம் பார்க்கலாம். பத்மநாபசுவாமிக்குத் திருவோணத்தன்று காணிக்கையாகும் அந்த வர்ணம் தீட்டிய வில்லைக் கரமனையில் உள்ள ஒரு குடும்பம் தலைமுறைகளாக விரதமிருந்து செய்துவருகிறது. திருவோணத்துக்கு அடுத்த நாள் அந்த வில்லைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆகவே வேலை ஓணம் வரும் சிங்ஙம் மாதத்தில் தொடங்குவதில்லை; மரம், பலகை, வர்ணம், குஞ்சம் என்று ஒவ்வொன்றுக்கும் வேண்டிய நாளைப் பின்னோக்கி எண்ணித் தொடங்குகிறது. நீங்களும் ஆர்டர் ஏற்கும் முன் நாட்காட்டியில் ஒப்படைக்கும் நாளைக் குறித்துவிட்டு, ஃபிரேமுக்கு நான்கு நாள், செப்பத்துக்கு மூன்று நாள், கறுப்புக் கோட்டுக்கு ஐந்து நாள் என்று நோட்டிலிருந்து எடுத்துப் பின்னால் நடந்து வாருங்கள். தொடங்க வேண்டிய நாள் நேற்றாக விழுந்தால், அந்த ஆர்டருக்கு இல்லை என்று சொல்லவோ அடுத்த மாதத் தேதி கேட்கவோ இன்றே ஃபோன் செய்துவிடலாம், முன்பணம் கைக்கு வருவதற்கு முன்பே.